முதலில், காயுமா என்று கேள்

அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப். ஷூ வாங்கியாச்சு, டவுன் ஜாக்கெட்டைக் காட்மாண்டு தமேலில் வாடகைக்கு எடுப்பதாக முடிவு பண்ணியாச்சு, மாடிப்படி ஏறி இறங்கும் பயிற்சியும் நடக்கிறது. பாக்கி இருப்பது நீ போனில் கேட்ட கேள்விதான்: "12 நாளைக்கு எத்தனை செட் துணி, அக்கா?" அம்மாவிடம் கேட்டால் 12 செட் என்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நாலு செட்டும் ஒரு முழு ரின் சோப்பும் மேலே வைப்பாள். லுக்லா போகும் குட்டி விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான் கணக்கு. கூடுதலாகப் பணம் கட்டி ஏற்றினாலும், அப்புறம் அதைச் சுமக்கப்போவது நீயோ ஒரு போர்ட்டரோ. 16 செட் துணியை 5,000 மீட்டருக்கு ஏற்றிவிட்டு இறக்க யாருக்கும் தலையெழுத்து இல்லை.

நடக்க இரண்டு டி-ஷர்ட், இரண்டு பேன்ட், மூன்று ஜோடி சாக்ஸ், நாலு செட் உள்ளாடை, கழுத்தில் போட இரண்டு பஃப். தூங்குவதற்கு மட்டும் ஒரு தெர்மல் செட், அதைப் பகலில் தொடாதே. இவ்வளவு போதும். போதும் என்றால், வழியில் துவைத்தால் போதும்.

உடனே எல்லோரும் கேட்பது, "என்ன சோப்பு?" சோப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஆனால் அது கடைசிக் கவலை. மலையில் துணியை நனைக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது இன்றைக்குள் காயுமா? சென்னையில் ஈரத் துணி என்றால் ஒரு நாள் கழித்துப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். 4,000 மீட்டரில் மாலை வெயில் போனதும் வெப்பம் சுழியத்தை நோக்கி இறங்கும். அப்போது உடம்பில் ஈரமான உடை இருந்தால் குளிர் எலும்பு வரை போகும். அழுக்கு உடையோடு பேஸ் கேம்ப் போய்த் திரும்பலாம். ஈர உடையோடு ஓர் இரவைக் கழிப்பது அப்படியில்லை.

எந்த ஊரில் துவைப்பது

இந்த வழியில் துவைக்கிற ஊர், துவைக்காத ஊர் என்று இரண்டு உண்டு. முதல் நாள் லுக்லாவிலிருந்து நடந்து பக்டிங்கில் தங்குவீர்கள். 2,610 மீட்டர்தான். பார்த்தால் பச்சையாக, இதமாக இருக்கும். ஆனால் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு, வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும். அங்கே பக்கெட்டைத் தேடாதே. ஒரு நாள் வியர்வைதான், தாங்கும்.

நாம்சே பஜார், 3,440 மீட்டர், உனக்கான துவைக்கும் ஊர். உயரத்துக்கு உடம்பைப் பழக்க அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். காலையில் கொஞ்சம் மேலேறிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். கிளம்பும் முன், காலை உணவுக்கும் முன்னால், துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போ. குதிரை லாடம் வளைந்தாற்போல் திறந்த ஊர் அது, காலை வெயில் நன்றாக விழும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். "வந்து துவைக்கலாம்" என்று வைத்துக்கொண்டால் ஈரத்துணிதான் மிஞ்சும்.

தெங்போச்சே 3,860 மீட்டர். மடாலம் இருக்கும் மலைமுகடு, காற்று, மத்தியானப் பனிமூட்டம். துவைக்காதே. டிங்போச்சே 4,410 மீட்டர், அங்கேயும் ஒரு நாள் ஓய்வு உண்டு. காலையில் நல்ல வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் சாக்ஸ், உள்ளாடை, பஃப், அவ்வளவு மட்டும். டி-ஷர்ட்டை நனைக்கும் ஆசையை அடக்கிக்கொள். அதற்கு மேலே லொபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, அப்புறம் பேஸ் கேம்ப் 5,364. அங்கெல்லாம் துவைக்கும் பேச்சே வேண்டாம். காலையில் குழாய் உறைந்து கிடக்கும், குடிக்கும் வெந்நீரையே காசு கொடுத்து வாங்குவாய். அங்கே அழுக்காக இருப்பதுதான் சரி. கூட வருபவர்களும் அதே நாற்றம்தான், யாரும் யாரையும் பார்த்து மூக்கைப் பிடிக்க மாட்டார்கள்.

திரும்பி நாம்சே இறங்கியதும் சலவைக்குப் போட இடம் இருக்கும். கொடுத்துவிடு. கால்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பக்கெட் முன் குந்துவதில் பெருமை ஒன்றும் இல்லை, அந்தப் பணமும் ஊர்க்காரர்களுக்குத்தான் போகும்.

துணியைப் பொறுத்துத்தான் வேலை

நீ வாங்கி வைத்திருப்பது எல்லாம் பாலியெஸ்டர். ஜிம்முக்குப் போடும் அதே டி-ஷர்ட்கள். கெட்டது என்று சொல்லமாட்டேன். பாலியெஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. தண்ணீர் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும், பிழிந்தால் போய்விடும். பருத்தி இழை உள்ளேயே குடித்துவிடும், அதனால்தான் பருத்தி டி-ஷர்ட்டையும் ஜீன்ஸையும் மலைக்கு வேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் பாலியெஸ்டருக்கு இன்னொரு குணம் உண்டு. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய வியர்வைத் துணிகளை மறுநாள் ஒரு குழுவை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அப்படியும் ஒரு வேலை இருக்கிறது! பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அந்த இழையில் நன்றாக வளர்கிறது என்பதையும் கண்டார்கள். உடம்பின் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் துவைத்துக் காய்ந்த ஜிம் டி-ஷர்ட்கூட உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடையை மறுபடி எடுத்துவிடும்.

கம்பளி நேர்மாறு. மெரினோ டி-ஷர்ட் ஒன்றை நாலைந்து நாள் தொடர்ந்து போட்டு, இரவில் கொடியில் காற்றாட விட்டாலே போதும், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடிக்காமல் சாப்பிடலாம். விலைதான் கடிக்கும். ஒன்று மட்டும் மெரினோ வாங்கு, மற்றது உன் பாலியெஸ்டர். நாம்சேக்கு மேலே துவைக்க முடியாத நாள்களுக்கு மெரினோ. சாக்ஸும் கம்பளி கலந்ததாக இருந்தால் கால் பிழைத்தது.

சரி, இப்போது சோப்பு

பல வேலைக்கு ஒரே சோப்பு என்று மலையேறுபவர்கள் தூக்கிக்கொண்டு போவதில் பெயர்பெற்றது டாக்டர் ப்ரானர்ஸ். ஜெர்மனியில் சோப்பு காய்ச்சும் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா போன எமானுவேல் ப்ரானர் 1948-இல் தொடங்கிய நிறுவனம். சீசா முழுக்கப் பொடி எழுத்தில் அவருடைய தத்துவம் அச்சடித்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் படிக்க ஆகும். தாவர எண்ணெய்களையும் பொட்டாசியக் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய திரவ சோப்பு. 18 வேலைக்கு ஆகும் என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மூன்று வேலை. துணி, உடம்பு, பாத்திரம். தலைமுடிக்கு வேண்டாம். சோப்பு காரத்தன்மை உள்ளது, முடி பிசுபிசுத்துச் சிக்கு விழும். மலையில் 12 நாள் தலைக்குக் குளிக்காமல் இறுக்கப் பின்னிக்கொள்வது அதைவிட மேல். பல் தேய்க்கலாம் என்றும் போட்டிருக்கிறார்கள், தேய்த்துப் பார்க்கும் தைரியசாலிகளை நான் தடுக்கவில்லை. புதினா வாசனை உள்ளதை மட்டும் வாங்காதே. உடம்பில் மெல்லிய தோல் இருக்கும் இடங்களில் பட்டால் சுரீர் என்று எரியும். வாசனை சேர்க்காத குழந்தைகள் வகை கிடைக்கும், அதுதான் உனக்கு.

அளவு. இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள், உன் அத்தான் உட்பட. அவர் சோப்பு ஊற்றினால் பக்கெட்டுக்கு வெளியே நுரை பொங்கும், அலசுவதற்கு மட்டும் நாலு பக்கெட் தண்ணீர் ஆகும். நுரை பார்த்தால்தான் நமக்கு மனம் ஆறும், பழக்கம் அப்படி. மூன்று லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் போதும். டீஸ்பூன் என்பது 5 மில்லி. 60 மில்லி சீசா ஒன்று 24 துவையலுக்கு வரும், உனக்கு அதில் பாதிகூடச் செலவாகாது. 100 மில்லிக்குள் என்பதால் கேபின் பைக்குள் வைத்தாலும் பாதுகாப்புச் சோதனையில் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

அலசாமல் துணியில் தங்கும் சோப்புதான் வியர்வையோடு சேர்ந்து அரிப்பைக் கொடுப்பது. சாக்ஸில் தங்கினால் காலில், பிராவின் பட்டையில் தங்கினால் விலாவில். குளிர்ந்த நீரில் சோப்பு முழுதாகக் கரையாது என்பதால் இந்தத் தொல்லை அங்கே இன்னும் அதிகம். முதலில் கொஞ்சம் வெந்நீரில் சோப்பைக் கரைத்துவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணீரை ஊற்று.

சீசாவை மூடும் முன் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடு. லுக்லாவில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். சென்னையில் மூடிய சீசா அங்கே உப்பி நிற்கும், திறந்தால் பீச்சும். ஒரு ஜிப் கவருக்குள் போட்டுவை. கடுங்குளிரில் அது கலங்கிக் கெட்டியாகும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதே, ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தால் இளகிவிடும்.

இந்தச் சோப்பு விலை அதிகம் என்று தோன்றினால் கட்டாயம் எதுவும் இல்லை. அம்மா தரும் பாரில் தீப்பெட்டி அளவு வெட்டிக்கொள். சாக்ஸுக்கும் உள்ளாடைக்கும் அது தாராளம். ஒழுகாது, எடை இல்லை, குளிரில் உறையாது. மெரினோவுக்கு மட்டும் அதைப் போடாதே, கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைப் பவுடரையும் போடாதே. அந்த என்சைம் புரதத்தை உடைப்பதற்காகச் சேர்த்தது, கம்பளியும் புரதம்தான். கம்பளிக்கு ஒரு சொட்டு ஷாம்பூ நல்லது. ஆட்டின் முடிதானே அது.

ஷாம்பூ என்றதும் சாஷே வாங்கி வைத்திருப்பாய். ஷாம்பூவைச் சின்னச் சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனவர் என்று கடலூர் சின்னி கிருஷ்ணனைச் சொல்வார்கள், நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் கிழித்த சாஷே மலையில் எங்கேயும் போகாது. எவரெஸ்ட் இருக்கும் கும்பு வட்டாரத்தின் ஊரக நகராட்சி மெல்லிய பிளாஸ்டிக்கை 2020 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. வீட்டிலேயே பழைய கண்மருந்துச் சீசாவை நன்றாகக் கழுவி அதில் ஊற்றிக்கொள். சொட்டுச் சொட்டாக விழுவதால் அளவும் மீறாது.

பையே வாஷிங் மெஷின்

வழியில் தங்கும் விடுதியான டீஹவுஸில் பக்கெட் கேட்டால் தருவார்கள், ஆனால் அது எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கும். மழைக்குத் துணி நனையாமல் இருக்க ட்ரை பேக் வைத்திருக்கிறாயே, 10 லிட்டர் பை, அதையே பயன்படுத்து. மூன்று லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் சோப்பு, உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிய துணிகள். வியர்வையும் எண்ணெயும் உட்புறத்தில்தான் இருக்கின்றன. வாயைச் சுருட்டி மூடி, 10 நிமிடம் ஊறவிட்டு, தரையில் வைத்து மாவு பிசைவதுபோல் இரண்டு கையாலும் அமுக்கு. அக்குள், கழுத்துப் பட்டை, சாக்ஸின் குதிகால் பகுதிகளை மட்டும் தனியாகக் கசக்கு.

எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிக்காமல் ஒரே தண்ணீரில் வரிசையாக நனை: முதலில் உள்ளாடை, அப்புறம் பஃப், அப்புறம் டி-ஷர்ட், கடைசியில் சாக்ஸ். மண் எல்லாம் சாக்ஸில்தான். அந்த நுண்ணிய மணல்தான் காலில் கொப்புளத்தைத் தேய்த்து எழுப்புவது, ஆகவே சாக்ஸை நனைக்கும் முன் வெளியே போய் இரண்டையும் ஒன்றோடொன்று அடித்து உதறு. பேன்ட்டைத் துவைக்காதே, முழங்காலுக்குக் கீழே படிந்த தூசியைக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டினால் போதும். அப்புறம் இரண்டு தடவை அலசல். இரண்டாவது அலசலில் தண்ணீர் வழவழப்பாக இருந்தால் சோப்பு கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னொரு அலசல்.

பஃப்பை மட்டும் முடிந்தபோதெல்லாம் அலசு. யாக் சாணமும் புழுதியும் கலந்த பாதை அது. வறண்ட குளிர்காற்றும் இந்தத் தூசியும் சேர்ந்துதான் பலருக்குக் கும்பு இருமல் என்று ஒன்றைக் கொண்டுவருகின்றன. அதற்காக மூக்கையும் வாயையும் மூடும் துணியே தூசி மூட்டையாக இருந்தால் என்ன லாபம்? ஒரு பஃப் முகத்தில், ஒன்று பையின் மேலே காய்ந்தபடி இருக்கட்டும்.

சமையலறை ரப்பர் கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள். சிரிக்காதே. பனி உருகி வந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் கை வைத்தால் விரல் மரத்துவிடும், அலசலைப் பாதியில் விட்டுவிடுவாய். வெறுங்கை சோப்பில் நனைந்தால் அந்த வறண்ட காற்றில் விரல் நுனி வெடிக்கும், வெடித்த விரலோடு ஷூ லேஸ் கட்டிப் பார். அதற்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதே, கல்லாக உறைந்திருக்கும். வாஸ்லீன் வைத்துக்கொள்.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது

லேபிளில் மக்கக்கூடியது என்று போட்டிருந்தால் ஓடையில் நேராகத் துவைக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. மக்குவது மண்ணில் நடக்கும் வேலை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோப்பைத் தின்று உடைக்க நேரம் வேண்டும். குளிர்ந்த ஓடையில் கலந்தால் அது அப்படியே ஓடும், மீனின் செவுளை மூடியிருக்கும் வழவழப்பைக் கரைக்கும். இயற்கையான பூந்திக்கொட்டை என்றால் பரவாயில்லையா என்று நீ கேட்பாய், தெரியும். நேபாள மலைச்சரிவுகளிலும் அது விளைகிறது, ரிட்டா என்பார்கள். ஆனால் அதில் நுரை வரவழைக்கும் சபோனின் மீனுக்கு நஞ்சு. இயற்கை என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதே.

நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி வா. பெரிய எட்டாக 70, 80 எட்டு வைத்தால் வந்துவிடும். அங்கே தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மண்ணில் விசிறி ஊற்று. டீஹவுஸில் துவைத்தால் எங்கே ஊற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டு அங்கே ஊற்று. அந்த வீட்டுக்குக் குடிநீர் எந்தப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பகுதி 1976 முதல் சகர்மாதா தேசியப் பூங்கா, 1979 முதல் உலகப் பாரம்பரிய இடம். நீ பார்க்கப்போகும் தூத் கோசி ஆறு இறங்கி இறங்கிக் கோசியாகிப் பிகாரில் கங்கையில் கலக்கிறது. கீழே இருப்பவர்கள் நம்மவர்கள்தான்.

வழியில் ஓடைத் தண்ணீர் தள்ளிச் சுழலும் பிரார்த்தனைச் சக்கரங்கள் வரும். அவற்றுக்கு மேலே இருந்துகொண்டு சாக்ஸை அலசுவது நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்துப் படியில் செருப்பைக் கழுவுவதற்குச் சமம். மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவரின் மேல் துணி காயப்போடாதே. வண்ண வண்ணமாகப் பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய கயிற்றில் இன்னும் இரண்டு முழம் காலியாக இருக்கிறதே என்று உன் டி-ஷர்ட்டை மாட்டிவிடாதேடீ.

காய வைக்கும் வித்தை

துணியை முறுக்கிப் பிழியாதே, கம்பளி உருமாறிவிடும். உன் ஈரிழைத் துண்டை விரித்து, ஈர டி-ஷர்ட்டை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்து. பாதித் தண்ணீர் துண்டுக்கு வந்துவிடும். காய்வதற்கான நேரத்தில் பாதியை இந்த ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்கும். பருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துண்டு மட்டும் எதற்கு என்றால், ஈரிழைத் துண்டு மெல்லிசு, ஈரத்தை உறிஞ்சும், விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும். கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் துண்டைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கொடிக்கு நைலான் கயிறு மூன்று மீட்டர். இரண்டாக மடித்து முறுக்கிக் கட்டு. முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகினால் கிளிப் வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வீசும். பிடிமானம் இல்லாத சாக்ஸ் ஆற்றுக்குப் போய்விடும், ஆகவே ஊக்கு ஒரு டஜன் எடுத்துக்கொள். நடக்கும் நாளில் ஈரச் சாக்ஸைப் பையின் வெளிப்புறம் ஊக்கால் குத்திவிட்டு நட. உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடும். உன் மூக்கைச் சுடும் அதே வெயில்தான் சாக்ஸின் நாற்றத்தையும் சுடும்.

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் உள்ளே எடு, காய்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். வெளியே விட்டால் காலையில் அப்பளமாக விறைத்து நிற்கும். அப்படி விறைத்ததை மடக்கி உடைக்காதே, வெயில் வரும்வரை விடு. உள்ளே வந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் இருக்கும் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். மரங்கள் இல்லாத உயரத்தில் யாக் சாணத்தைத்தான் அதில் எரிப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளி நாற்காலி முதுகில் போடு. அடுப்பின் மேலேயே போட்டால் பாலியெஸ்டர் சுருங்கி உருகும். அதோடு, அடுப்பைப் பவித்திரமாக நினைப்பவர்கள் அவர்கள், ஊரார் சாக்ஸைக் கண்டால் முகம் சுளிக்க மாட்டார்களா? அந்த நெருப்பில் குப்பையும் போடாதே.

கொஞ்சம் ஈரம் மட்டும் பாக்கியிருந்தால் இதுதான் வழி: இரவில் தண்ணீர்க் குடுவையில் வெந்நீர் வாங்கி மூடியை இறுக்கி, அந்தக் குடுவைக்குச் சாக்ஸை மாட்டிவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள். காலுக்கும் சூடு, காலையில் சாக்ஸும் காய்ந்திருக்கும், குடுவையில் இருப்பது குடிக்கும் தண்ணீர். சொட்டச் சொட்ட ஈரமாக இருப்பதை மட்டும் உள்ளே கொண்டுபோகாதே. இறகு நனைந்தால் ஸ்லீப்பிங் பேக் சூட்டை இழந்துவிடும்.

நமக்குள் பேசிக்கொள்வது

உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போ. காற்றும் வெயிலும் படாத உள்ளாடை உள்ளே ஈரமாகவே இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வராமல் என்ன வரும்? அந்த மலையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூட வரும் அலுவலகப் பையன்களை நினைத்துக் கூச்சமாக இருந்தால் வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கொடியில் தொங்கவிடு, காற்றும் போகும், கண்ணுக்கும் தெரியாது.

உயரத்தில் மாதவிடாய் முன்னே பின்னே வரலாம். கணக்கில் இல்லை என்று வெறுங்கையோடு போகாதே. துணி நாப்கின் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், வீட்டில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம், மேலே அது காயாது. கப் பழகியிருந்தால் கப். கழுவக் குடிக்கத் தகுந்த தண்ணீர், வாசனையில்லாத சோப்பு ஒரு சொட்டு, நுரை துளியும் மிஞ்சாமல் அலசல். பழகாதவள் மலையில் வைத்துப் பழக ஆரம்பிக்காதே, வழக்கமான நாப்கினை எடுத்துக்கொண்டு, போட்டதைக் கறுப்பு ஜிப் கவரில் கட்டிக் கீழே கொண்டுவா. கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தத்தின் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் அசையாது.

தொடவே கூடாதவை

டவுன் ஜாக்கெட், ரெயின் ஜாக்கெட், ஷூ. ஜாக்கெட்டில் கறை பட்டால் ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடை. ரெயின் ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடுவது ஒரு பூச்சினால், அதன்மேல் சோப்பு தங்கினால் தண்ணீர் உருளாமல் ஊறத் தொடங்கும். ஷூவுக்குள் இருக்கும் அட்டையைத் தினமும் இரவில் உருவி வெளியே வை, அதுவே அதற்குச் சலவை. வீட்டுக்கு வந்தபின் இவற்றைக் கழுவும்போதும் கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கியை ஊற்றாதே. வியர்வையை இழுத்து வெளியே தள்ளும் துணிகளில் அது படலமாகப் படிந்து அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. துவைத்துக் காய்ந்த ஒரு முழுச் செட், உள்ளாடை சாக்ஸ் உட்பட, ஜிப் கவரில் கட்டி பையின் அடியில் போட்டுவிடு. லுக்லாவிலிருந்து திரும்பும் விமானம் மேகத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். ஒரு நாளும் தங்க நேரலாம், மூன்று நாளும் ஆகலாம். அந்த நேரத்தில் துவைக்க உனக்குத் தெம்பும் இருக்காது, மழை மூட்டத்தில் காயவும் காயாது. டிங்போச்சேயில் நாற்றம் தாங்காமல் அந்தக் கவரைப் பிரிக்கத் தோன்றும். பிரிக்காதே.